ஓடைக்கு அந்தப் பக்கம் டென்மார்க்

ஹம்பேர்க்கில் நாங்கள் ஏறிய ரயில் பிளென்ஸ்பேர்க்கோடு நிற்காது, அப்படியே டென்மார்க்குக்குள் போய்விடும் என்று பவானி சொன்ன நேரத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மாமி, நித்திரை கொண்டிடாதேங்கோ. பிளென்ஸ்பேர்க் வந்தவுடன இறங்கோணும். விட்டமெண்டால் அடுத்தது டென்மார்க். அங்க பொலிஸ் பிடிச்சால் உங்கட கேஸும் போச்சு, என்ர கேஸும் போச்சு."

நான் தலையை ஆட்டினேன். ஆனால் உள்ளுக்குள் வேறொரு நினைப்பு ஓடியது. இறங்காமல் பேசாமல் இருந்தால் இவர் இருக்கிற நாட்டுக்கே போய்விடலாம். ஒன்றும் செய்யத் தேவையில்லை, சும்மா இருந்தாலே காணும்.

இவர் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரை. அது எண்பத்தேழாம் ஆண்டு, மாசி மாதம். சண்டைக்குத் தப்பி ஊரிலிருந்து நானும் மகனும் முதலில் வெளிக்கிட்டு, கிழக்கு பேர்லின் வழியாக வந்து டோர்ட்மண்டில் ஒரு அகதி விடுதியில் இருந்தோம். பின்னால் வந்த இவரை வேறு யாரோ கப்பலில் ஏற்றி டென்மார்க்கில் இறக்கிவிட்டார்கள். அவரிடமும் பாஸ்போர்ட் இல்லை, என்னிடமும் இல்லை. அவருடைய விண்ணப்பம் அங்கே கிடந்தது, என்னுடையது இங்கே கிடந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக நான் அவரைக் காணவில்லை. மார்கழியில் நெஞ்சு நோவென்று அவரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள் என்பதும் அவர் வெளியில் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அவர் இருந்த முகாமுக்கு உதவிக்கு வந்துபோன டெனிஷ்காரப் பிள்ளை ஒன்றுதான் இந்த வழியைச் சொன்னது. பிளென்ஸ்பேர்க்குக்கு வெளியே எல்லையில் ஒரு சின்ன ஓடை இருக்கிறதாம். அவர் அந்தக் கரைக்கு வரலாம், நான் இந்தக் கரைக்கு வரலாம். அவரை நான் கண்ணால் காணலாம். பிளென்ஸ்பேர்க்கில் தன் பெரியம்மா இருக்கிறா, அங்கே தங்கலாம் என்றும் சொன்னதாம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் மூன்று நாளுக்கு அனுமதி தந்தார்கள். மகனுக்குக் கிடைக்கவில்லை. விடுதியில் எங்களுக்கு அடுத்த அறைப் பெண் பவானிக்குக் கிடைத்தது. ஜெர்மன் பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ரயில் நின்றது. பவானி கதவுப் பிடியை இழுத்தாள், அமத்தினாள், கையால் குத்தினாள். கதவு அசையவில்லை. மற்றப் பக்கத்தால் எல்லைப் பொலிஸ்காரர் ஏறிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை படித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் ஆறுதலாக எழும்பி வந்து, பிடியைக் கீழே திருப்பி, முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். கதவு திறந்தது. ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்னவாம் பிள்ளை?"

"டென்மார்க் ஒண்டும் அவ்வளவு மோசமில்லை, ஏன் இப்பிடிப் பயந்து ஓடுறியள் எண்டு கேக்கிறார்."

நாங்கள் இறங்கியதும் ரயில் அந்தக் கிழவரை ஏற்றிக்கொண்டு வடக்கே போனது. கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த பெரியம்மாவின் பெயர் இங்கர். நெட்டை உருவம், வெட்டிய வெள்ளைத் தலைமயிர், ஆம்பிளைச் சப்பாத்து. என் கையைப் பிடித்த பிடியில் விரல் நொந்தது. துறைமுகத்துக்கு மேலே மேட்டில் ஒடுங்கின செங்கல் வீடு. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினா. யன்னல்களுக்குச் சீலை இல்லை. தெருவில் போகிற ஆளுக்கு வீட்டு மேசையில் என்ன சாப்பாடு என்பதுகூடத் தெரியும். எனக்குக் கூச்சமாக இருந்தது. முக்காடு போடுகிற மாதிரிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குக் கறுத்த பாண். ஒரு துண்டில் பட்டர் பூசி, அதன்மேல் வினாகிரியில் ஊறின மீனும் வளைய வளையமாக வெங்காயமும் வைத்து, முள்ளுக் கரண்டியும் கத்தியும் கொண்டு வெட்டிச் சாப்பிடுகிறார்கள். அவிக்காத, பொரிக்காத மீன். பவானி மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்கினாள். எனக்கு இறங்கவில்லை. இவருக்கென்று விடுதிக் குசினியில் நானே வறுத்து இடித்துக் கொண்டுவந்த மிளகாய்த் தூளை அவிழ்த்து ஒரு சிட்டிகை மீனில் தூவினேன். இங்கர் தனக்கும் வேண்டுமென்று தட்டை நீட்டினா. வாயில் வைத்ததும் முகம் சிவந்து, இருமி, கண்ணீர் வந்து, பிறகும் இன்னொரு சிட்டிகை கேட்டா. இப்படியே போனால் இவருக்கு வெறும் பைதான் மிஞ்சும் என்று பொட்டலத்தைக் கட்டிவிட்டேன்.

சாப்பிட்டு எழும்பும்போது சமைத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். டெனிஷ் வீடுகளில் அது வழக்கம்.

"பிள்ளையளும் சொல்லோணுமாம் மாமி. புருஷனும் சொல்லோணுமாம்."

"புருஷனுமோ?"

"ஓமாம். சொல்லாட்டில் அடுத்த நேரச் சாப்பாடு இல்லையாக்கும்!"

பவானி பகிடியாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தாலும், பிறகு கோப்பை கழுவும்போது யோசித்தேன். இத்தனை வருடம் சோறு போட்டேன். யாரும் சொல்லவுமில்லை, சொல்ல வேண்டுமென்று நான் நினைக்கவுமில்லை.

அன்று பின்னேரம் இங்கர் தன் கதையைச் சொன்னா. ஜெர்மனியில் இருந்துகொண்டு ஏன் டெனிஷ் பேசுகிறீர்கள் என்று பவானி கேட்டதற்கு வந்த கதை. முன்னொரு காலத்தில் இந்த ஊர் டென்மார்க் ராஜாவின் ஆட்சியில் இருந்ததாம். பிறகு சண்டை நடந்து ஜெர்மன்காரர் பிடித்தார்களாம். இங்கரின் தகப்பன் டெனிஷ்காரராக இருந்தும், முதலாம் உலக யுத்தத்தில் ஜெர்மன் உடுப்புப் போட்டுச் சண்டைக்குப் போக வேண்டி வந்ததாம். யுத்தம் முடிந்ததும் எந்த நாடு வேண்டுமென்று சனத்திடம் வாக்குக் கேட்டார்களாம். வடக்கே இருந்தவர்கள் டென்மார்க் என்றார்கள். இந்த ஊரில் கூடுதலானவர்கள் ஜெர்மனி என்றார்கள். இடையில் எல்லை போட்டார்கள். இங்கரின் தாயின் தமக்கை வீடு சைக்கிளில் போகிற தூரம், அது டென்மார்க்காகிவிட்டது. இவர்களின் வீடு ஜெர்மனியாகிவிட்டது.

"நாங்கள் ஒருத்தரும் வீட்டை விட்டு அசையேல்லையாம் மாமி. நாடுதான் எழும்பிப் போச்சுதாம்" என்றாள் பவானி.

அதன்பிறகும் இங்கே மிஞ்சினவர்கள் தங்களுக்கென்று பள்ளிக்கூடம், கோயில், வாசிகசாலை எல்லாம் வைத்து டெனிஷிலேயே பிள்ளைகளை வளர்க்கிறார்களாம். கடையில் ஜெர்மன், வீட்டில் டெனிஷ்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சரித்திரம் தெரியாது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் வாக்குப் போட்ட நாட்களில் வீடுகள் எரிந்ததைக் கண்ட எனக்கு ஒன்றைக் கேட்க வேண்டும்போல இருந்தது. பவானியின் காதுக்குள் சொன்னேன்: "வாக்குப் போட்ட அண்டைக்கு வீடுகள் எரிஞ்சதோ எண்டு கேள்."

இங்கர் என்னைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினா.

இரண்டாம் நாள் காலையில் இங்கரோடு ஊரைப் பார்க்கப் போனோம். துறைமுகத்தில் படகுகள் உறைபனி படிந்து நின்றன. ஒரு வண்டியில் சிவப்புச் சாயம் போட்ட இறைச்சிச் சொசேஜ் விற்றார்கள். பவானி வாங்கித் தின்று விரலெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டாள். டெனிஷ் வாசிகசாலை வாசலில் ஒரு குழந்தைவண்டி தனியே நின்றது. எட்டிப் பார்த்தால் உள்ளே குழந்தை, மூக்கு நுனி மட்டும் வெளியே! தாய் உள்ளே புத்தகம் எடுக்கிறாளாம். குளிர் காற்றில் படுத்தால்தான் பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுமாம்.

"எங்கட ஊரில எண்டால் இந்தத் தாய்க்கு மாமியார் வாயிலிருந்து ஒரு மாசத்துக்குத் தப்பேலாது" என்றாள் பவானி.

வீட்டுக்கு வந்ததும் பவானி, இங்கருக்குச் செலவு வைக்காமல் என் மகனுக்குத் தொலைபேசி எடுக்கவும் சாமான் வாங்கவுமென்று திரும்பவும் கடைத்தெருவுக்குப் போனாள். அப்போதுதான் அது நடந்தது.

நான் மேல் அறையில் சாய்ந்திருந்தேன். கீழே தொலைபேசி அடித்தது. இங்கர் டெனிஷில் பேசுவது கேட்டது. நடுவில் இவருடைய பெயர் கேட்டது. நான் படியில் இறங்கி வந்தேன். இங்கர் என்னைக் கண்டதும் பேச்சை முடித்துவிட்டு வந்து, என் கன்னத்தைத் தடவி, ஏதோ மெல்லச் சொன்னா. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

பிறகு வாசல் மணி அடித்தது. கறுத்த கோட்டுப் போட்ட ஆண்களும் பெண்களுமாக, எல்லாரும் வயதானவர்கள், ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் இங்கரைக் கட்டிப் பிடித்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பூ. வெள்ளைப் பூக்கள். மேசையில் வெள்ளை விரிப்பு. நல்ல பகல் வெளிச்சத்தில் மெழுகுதிரி கொளுத்தினார்கள். சின்னச் சின்னக் கம்பங்களில் சிவப்புக் கொடி, அதில் வெள்ளைச் சிலுவை. ஒரு கிழவர் எழும்பி நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீளமாகப் பேசினார். இங்கர் கண்ணைத் துடைத்தா. பிறகு ஆளுக்கொரு புத்தகத்தைத் திறந்து இருந்தபடியே பாடத் தொடங்கினார்கள். இழுத்து இழுத்துப் பாடுகிற பாட்டு.

பகலில் விளக்கு. பூ. சிலுவை. கட்டிப் பிடித்து அழுகை. கூடியிருந்து பாட்டு. எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தமென்று உங்களுக்குத் தெரியும். தொலைபேசியில் இவருடைய பெயரை என் காதாலேயே கேட்டேன். நாளைக்கு வருவார் என்றிருந்த மனிதர் போய்விட்டார், இந்தச் சனம் எனக்காகச் செத்தவீடு கொண்டாடுகிறது.

கதிரையை விட்டு நிலத்தில் இருந்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசாதவள் நான். ஆனால் அன்று வாய்விட்டுக் குழறினேன். "என்ர ராசா, ஓடைக்கரை மட்டும் வாறனெண்டு சொல்லிப்போட்டு என்னை விட்டிட்டுப் போட்டியளே" என்று தலையில் அடித்து அழுதேன்.

பாட்டு நின்றது. இங்கர் வந்து தன் முழங்கால் நோவோடு எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து என்னை அணைத்தா. நான் ஊர் நினைப்பில் அழுகிறேன் என்று நினைத்தார்கள் போல. என்னைத் தேற்றுவதற்காக எல்லாரும் சேர்ந்து இன்னொரு பாட்டை, முதல் பாட்டை விட மெதுவாக, பாடத் தொடங்கினார்கள். அவர்கள் பாடப் பாட நான் கூடக் கூட அழுதேன்.

பவானி பையோடு வந்து நின்றாள். ஒரு நிமிஷம் அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இங்கரிடம் கேட்டாள். பிறகு பையைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"ஐயோ மாமி! செத்தவீடில்லை, பிறந்தநாள்! இங்கருக்கு இண்டைக்கு எழுபது வயசு!"

"விளக்கு?"

"சந்தோசத்துக்குக் கொளுத்திறதாம்."

"சிலுவை?"

"அது இவையின்ர நாட்டுக் கொடி. பிறந்தநாளுக்கு வைக்கிறதாம்."

"தொலைபேசி?"

"மாமா நாளைக்குக் காலமை பஸ் ஏறுறாராம். சுகமா இருக்கிறாராம். அதைச் சொல்லத்தான் எடுத்தவையாம். அழாதேங்கோ!"

பவானி நடந்ததை எல்லாருக்கும் எடுத்துச் சொன்னாள். பேச்சுப் பேசின கிழவருக்குப் பாவம், முகம் வெளிறிவிட்டது. என் மனம் நோகக் கூடாதென்று எட்டி மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டார். விளக்கை வாயால் ஊதி அணைப்பதா! நான் "ஐயோ, வேண்டாம்" என்று திரும்பவும் கத்தினேன். அவர் நடுங்கிப்போய்த் திரும்பக் கொளுத்தினார். அப்போதுதான் முதலில் இங்கர் சிரித்தா, பிறகு எல்லாரும் சிரித்தார்கள், நானும் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். வெட்கத்தில் அந்தக் கேக்கை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது. கிறீம் நிறைந்த, மூன்று தட்டுக் கேக். கிழவர் தன் கையால் ஒரு கொடியை என் துண்டில் குத்திவிட்டார்.

மூன்றாம் நாள் எங்கும் பனிப்புகார் மூடியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி மரங்களுக்கிடையே பள்ளத்தில் நடந்தோம். கீழே ஓடை. எங்கள் தோட்டத்து வாய்க்காலை விட இரண்டு மடங்கு அகலம் இருக்கும், அவ்வளவுதான். ஒரு ஒடுங்கின மரப்பாலம். இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை. முள்ளுக் கம்பி இல்லை, மதில் இல்லை. தாரா வாத்து இரண்டு அங்கேயும் இங்கேயுமாக நீந்திக்கொண்டிருந்தன.

"இதுவோ எல்லை?" என்றேன்.

"இதுதான்" என்றாள் பவானி. அவளுக்கும் பகிடி வரவில்லை.

மற்றக் கரையில் ஒருவருமில்லை. இங்கர் என் மிளகாய்த் தூள் பார்சலை வாங்கிக்கொண்டு, தன் வீட்டு முற்றத்தில் நடக்கிற மாதிரிப் பாலத்தால் நடந்து புகாருக்குள் போனா. பவானி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் நீளக் கோட்டும் காதை மூடின கம்பளித் தொப்பியுமாக ஒரு உருவம் வந்தது. யாரோ டெனிஷ் கிழவர் என்று நினைத்தேன். பிறகுதான் கண்டேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஊரில் இவர் வெங்காயப் பாத்தி பார்க்கப் போகிற அதே நடை.

அவர் தண்ணீர்க் கரையில் வந்து நின்றார். நான் இந்தக் கரையில் நின்றேன்.

"பஸ்ஸிலயோ வந்தனீர்?" என்றார்.

"ஓம். நீங்கள்?"

"நானும் பஸ்தான்."

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த கதையெல்லாம் எங்கே போனதோ தெரியாது. "கதையுங்கோ மாமி" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பவானி தள்ளிப் போய்விட்டாள்.

"நெஞ்சு எப்பிடி?"

"இப்ப ஒண்டுமில்லை. பொம்பிளை டொக்ரர். சின்னப் பிள்ளை. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாள்! பெரியவர் சின்னவர் எண்டில்லை, இஞ்ச எல்லாரும் எல்லாரையும் பேர்தான். அவளும் சைக்கிளிலதான் ஆஸ்பத்திரிக்கு வாறாள்."

"நீங்களும் சைக்கிள் ஓடுறியளோ?"

"பின்ன? காத்துத்தான் சரியில்லை. போகேக்கயும் எதிர்க்காத்து, வரேக்கயும் எதிர்க்காத்து."

அவருடைய கோட்டின் மேல் பொத்தான் பூட்டாமல் கிடந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது. பாலத்தில் நாலைந்து எட்டு வைத்தால் அதைப் பூட்டிவிடலாம். என் கால் பலகையருகே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மற்றக் கரையில் சீருடைக்காரர் ஒருவர் நாயோடு வந்தார். எங்களைப் பார்த்தார். இங்கர் அவருக்கு எடுத்துச் சொன்னா. அவர் கோபிக்கவில்லை, இரங்கவுமில்லை. அவர் சொன்னதை இங்கர் ஜெர்மனில் கூவிச் சொல்ல, பவானி ஓடிவந்து மொழிபெயர்த்தாள்: "கரையில எவ்வளவு நேரமும் நிண்டு கதைக்கலாமாம். பாலத்தில மட்டும் கால் வைக்கக் கூடாதாம்."

நான் காலை எடுத்தேன். "பொத்தானைப் பூட்டுங்கோ" என்றேன். அவர் பூட்டினார்.

"நிண்டால் விறைக்கும். நடப்பம்" என்றார்.

ஓடையின் இரண்டு கரையிலும் ஒற்றையடிப் பாதை. அவர் அந்தப் பக்கத்தால் நடந்தார், நான் இந்தப் பக்கத்தால் நடந்தேன். ஊரில் நாங்கள் எங்கே போனாலும் அவர் முன்னுக்குப் போவார், நான் பின்னால் போவேன். கோயிலென்றாலும் கலியாணவீடென்றாலும் அப்படித்தான். அவருடைய முகத்தை விட முதுகுதான் எனக்குக் கூடப் பழக்கம். இங்கே அது சரிவரவில்லை. அவர் வேகமாக நடந்தால் பற்றைச் செடிகளுக்குப் பின்னால் நான் மறைந்துவிடுவேன். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் நடையைக் குறைத்துக்கொண்டார். நான் என் நடையைக் கூட்டினேன். ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் நேருக்கு நேராக, ஒரே நடையில் போய்க்கொண்டிருந்தோம்.

நடக்கத் தொடங்கின பிறகுதான் கதை வந்தது. மகன் பல்லுக் கொதியில் இரவில் நித்திரை கொள்வதில்லை என்றேன். முகாமில் தான்தான் சோறு சமைப்பதாகச் சொன்னார். உப்பு எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு பிடி என்றார். ஒரு பிடியோ என்று நான் கத்தினேன். ஓடை வளைகிற இடத்தில் அவர் அருகே வந்தார், தாடியில் நரை தெரிந்தது. வளைவு தாண்ட விலகிப் போனார். விலகிப் போகிற இடத்திலெல்லாம் நான் குரலை உயர்த்தினேன். யாரும் கேட்பார்களே என்ற வெட்கம் எனக்கு அன்று வரவில்லை.

"எப்ப எங்களை ஒண்டாய் விடுவாங்களாம்?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்" என்றார்.

பிறகு ஓடை அகன்று கடலோடு சேர்ந்தது. பாதை முடிந்துவிட்டது. எங்களுக்கிடையே இப்போது நிறையத் தண்ணீர். புகாருக்குள் அவருடைய தொப்பிதான் தெரிந்தது. மேலே மரங்களுக்கிடையிலிருந்து பவானி, "மாமி, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்று கூப்பிட்டாள்.

அவர் போகவில்லை. நானும் போகவில்லை.

"இன்னொருக்கால் நடப்பமோ?" என்று சத்தமாகக் கேட்டேன். அவரிடம் நான் அப்படி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாலம் இருந்த பக்கமாக அவர் திரும்பினார். ஆனால் கால் எடுத்து வைக்கவில்லை. என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. நான் முதலில் நடக்கட்டும் என்று நின்றார்.